சாக வேண்டிய நெல் சாகவில்லை

நெட் ஹவுஸ் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பேச வராது. எழுதவும் அதிகம் வராது. எட்டாவதோடு நின்றவள். இருபத்தாறு வருஷம் அந்த வலைக் கொட்டகையில் தொட்டி தூக்கினேன், மண் சலித்தேன், நாற்று விட்டேன். மண்ணுக்கு மணல் எவ்வளவு, நெல் பூவை எந்த நேரத்தில் தொட வேண்டும் என்பதெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித் தருவார்கள். அது இதில் இருக்காது.

நான் ஒரு தப்பு செய்தேன். அதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. காலடிப்பேட்டையில் வீட்டு வாசலில் பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவேன். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இந்தக் குணம் வேலையில் இன்னும் கூடியது. அதற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பையனுடைய செடி ஒன்று செத்துவிட்டது. பக்கத்து வரிசையிலிருந்து அதே உயரத்தில் ஒன்றைப் பிடுங்கி அந்தத் தொட்டியில் நட்டுவிட்டான். செத்த செடியின் அட்டையை இதற்கு மாட்டிவிட்டான். யாருக்கும் தெரியவில்லை. கதிர் வந்தபோது அந்தத் தொட்டியில் மட்டும் சிவப்பு நெல். அந்தப் போகம் முழுக்கப் பாழ். அப்போது மேடம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீ பக்கத்துலதானே இருந்த?"

அதற்குப் பிறகு யார் வந்தாலும் கையைத்தான் பார்ப்பேன்.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைமை. பெயர் வேண்டாம். அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அதனால் ஒத்துப் போனது.

வருஷா வருஷம் கோடையில் எட்டு வாரத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள். ராயபுரத்து மீன்காரர் வீடு, எர்ணாவூர் வாரியக் குடியிருப்பு, வியாசர்பாடி, புளியந்தோப்பு. ஆராய்ச்சிப் பக்கம் இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் வருவதில்லை, வர வேண்டும் என்று அந்தத் திட்டம். நல்ல திட்டம்தான் என்பார்கள். எனக்கு அதிலும் சந்தேகம். முதல் நாள் பையும் தொப்பியும் கொடுத்து வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுப்பார்கள். கடைசி நாள் இன்னொரு போட்டோ. நடுவில் இருக்கும் எட்டு வாரம் யாருக்கு என்று நான் யோசித்ததுண்டு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடையில் ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி கௌதமி. வியாசர்பாடி. ஒல்லி. கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். என்னைப் போலவே இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அவளுக்குக் கொடுத்த வேலை இது. ஒரு நெல் உப்பைத் தாங்கும். இன்னொரு நெல் தாங்காது. இரண்டையும் சேர்த்து, அதில் வந்த பேரப்பிள்ளைச் செடிகள் ஐம்பதைத் தொட்டிகளில் வைத்திருந்தோம். உப்புத் தண்ணீர் ஊற்றி, எது தாங்குகிறது எது வெளுத்துச் சாகிறது என்று தினமும் எழுத வேண்டும். பேரப்பிள்ளைகள் ஒன்று போல இருக்காது. சிலது பிழைக்கும், சிலது போகும். பக்கத்தில் அந்தத் தாங்காத நெல்லையே நான்கு தொட்டியில் வைத்திருப்போம். முதலில் சாக வேண்டியது அது. அது செத்தால்தான் சோதனை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

தண்ணீருக்கு நீல நிற ட்ரம்கள். ஒன்று உப்பு ட்ரம். மற்றவற்றில் லாரித் தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, செடிக்கும் ஆகாது. செவ்வாய், வியாழன், சனி விடியற்காலையில் லாரி வரும். உப்பு ட்ரம்மைத் திங்கட்கிழமை நான் கலக்குவேன். குறைந்திருக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதற்குத் தக்க உப்பு போடுவேன். கௌதமி தினமும் ஊற்றுவதற்கு முன், திங்களன்று மட்டும் நான் கலக்கிய பிறகு, உப்பு அளக்கும் மீட்டரை ட்ரம்மில் விட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எட்டு என்று காட்ட வேண்டும். ட்ரம்மில் கை வைக்கக் கூடாது, அது சாந்தா அக்கா வேலை என்று மேடம் அவளிடம் சொல்லியிருந்தார். சாந்தா நான்.

அவள் காலை ஆறரைக்கே வந்துவிடுவாள். மற்ற ஐந்து பேரும் ஒன்பது மணிக்கு. முட்டி வலியால் நான் அந்தக் கோடையில் எட்டு மணிக்குத்தான் வருவேன். ஞாயிற்றுக்கிழமையும் அவள் வந்தாள். செடிக்கு ஞாயிறு கிடையாது, யாராவது ஊற்ற வேண்டும்தான். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா, வாட்ச்மேன் பல்லு விளக்கறதுக்கு முன்னாடி வந்துடற?"

"பஸ்ஸுக்காகக்கா."

"எட்டு மணிக்கும் பஸ் கீதே."

பதில் இல்லை. பதில் இல்லாதவர்களை எனக்கு ஆகாது.

இரண்டாவது திங்கட்கிழமை உப்பு ட்ரம்மின் மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். முக்கால் ட்ரம் நின்றது. மூன்றாவது திங்களும் அப்படித்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இவள் உப்புத் தண்ணீரை ஊற்றவில்லை. செடி செத்தால் தன் பேர் கெட்டுவிடும் என்று நல்ல தண்ணீரை ஊற்றுகிறாள். அதற்குத்தான் யாரும் இல்லாத நேரத்தில் வருகிறாள். எல்லாம் பொருந்தியது. பொருந்தினால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

குறைந்த கால் பங்குக்கு மட்டும் உப்பு போட்டுக் கலக்கினேன். கலக்கியதும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வைக்கவில்லை. இத்தனை வருஷம் கலக்கிய கை என்று ஒரு நினைப்பு.

தாங்காத நெல் நான்கு தொட்டியிலும் பச்சைப் பசேலென்று நின்றது.

நான்காவது வாரம் புதன்கிழமை மேடம் வந்து பார்த்தார். தொட்டி தொட்டியாகக் குனிந்தார். கௌதமியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. கடைசி வரை எட்டு.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தண்ணியில உப்பு சரியா இருக்கா?"

"நான்தான் கலக்குறேன் மேடம். அது சரியா இருக்கும்."

"அப்போ?"

நான் நினைத்ததைச் சொன்னேன். ட்ரம் குறையவில்லை, ஆறரைக்கு வருகிறாள், ஞாயிறும் வருகிறாள். எல்லாம் சொன்னேன். நான் இவ்வளவு பேசி மேடம் பார்த்ததில்லை.

அவர் நோட்டை மூடினார். "எந்த மீட்டரும் இருபத்து நாலு நாள் ஒரே நம்பர் காட்டாது சாந்தா. இது உட்கார்ந்து எழுதினது." கிளம்பும்போது, "வெள்ளிக்கிழமை அவ காலேஜுக்கு எழுதிடறேன். திட்டத்துல இருந்து எடுத்துடலாம்" என்றார்.

எட்டு வாரம் முடிந்தால் மேடம் ஒரு கடிதம் தருவார். மேல்படிப்புக்கு இடம் கேட்கும்போது அந்தக் கடிதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகள் வெயிலில் வந்து நிற்பது அதற்காகத்தான். இப்படி நடுவில் எடுத்துவிட்டால் கடிதம் இல்லை என்பது மட்டுமல்ல. பொய்க் கணக்கு எழுதினாள் என்று கல்லூரியில் பேர் விழும். அதற்குப் பிறகு யாரும் சேர்க்க மாட்டார்கள்.

எனக்கு வருத்தமில்லை. உண்மையைச் சொல்கிறேன். கண்ணால் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது என்றுதான் தோன்றியது. வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே வந்து விதை அறை ஜன்னல் ஓரம் நின்றேன். பிடிக்க வேண்டும் என்று நின்றேன்.

அவள் இன்னும் வரவில்லை. லாரி வந்தது. வாட்ச்மேன் ஏழுமலை குழாயை இழுத்துக்கொண்டு போனான். வரிசையாக ஒவ்வொரு ட்ரம்மாக மூடியைத் திறந்தான். ரொப்பினான். நான்காவதாக உப்பு ட்ரம். மூடியைத் திறந்தான். குழாயை உள்ளே விட்டான்.

நான் வெளியே வந்தேன்.

"இன்னாக்கா, இந்நேரத்துல? முட்டி வலி பூட்ச்சா?"

"அந்த ட்ரம்ல இன்னா பண்ற?"

"இன்னா பண்றன்னா? ரொப்பிகினு கீறேன். லாரிக்காரன் பறக்கறான்."

"எத்தினி நாளா?"

"நீ சொன்ன நாள்லேர்ந்து. லாரி வந்தா ஒரு ட்ரம்மும் கொறையா நிக்கக் கூடாதுன்னு நீதானக்கா சொன்ன. இப்ப இன்னா போலீஸ் மாரி கேக்குற?"

"அது உப்பு ட்ரம்மு."

அவன் குழாயை வெளியே எடுத்தான். ட்ரம்மைச் சுற்றிப் பார்த்தான். 'உப்பு' என்று நான் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. ட்ரம்மின் அடிக் குழாய்த் திருகு இந்தப் பக்கம் வர வேண்டும் என்று நான்தான் திருப்பி வைத்தேன்.

"மொத வாரம் அதுல மூஞ்சி கழுவினேன்க்கா. கரிச்சுது."

"கரிச்சா சொல்ல மாட்டியா?"

"நம்ம ஏரியா தண்ணி எப்ப கரிக்காம இருந்துச்சு?"

தொட்டி மேடையில் உட்கார்ந்தேன்.

இதை வெளியூர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு லாரி சத்தம் கேட்டால் குடம், அண்டா, குக்கர் வரைக்கும் ரொப்புவோம். குறைந்த பாத்திரம் கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். கொஞ்சம் விட்டால் அடுத்த தெருக்காரர்கள் பிடித்துவிடுவார்கள். முட்டி வலியால் அந்தக் கோடையில் லாரித் தண்ணீரை அவனிடம் விட்டபோது, அப்படி வளர்ந்த நான், அப்படி வளர்ந்த அவனிடம், ஒரு ட்ரம்மும் விடாதே என்று சொன்னேன். முன்பெல்லாம் லாரி வரும்போது நான் நிற்பேன், உப்பு ட்ரம்மைத் தாண்டிப் போவேன். தாண்ட வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

ஏழுமலைக்கு மெதுவாக விஷயம் பிடிபட்டது. குரல் இறங்கியது.

"என் பேர இழுக்காதக்கா. கான்ட்ராக்ட்டுக்காரன் நாளைக்கே வேற ஆள வுட்டுருவான். ரெண்டு புள்ளைங்க கீது."

"இழுக்கலை."

"இந்த ட்ரம்ம அந்தாண்ட தள்ளி வச்சிடட்டா? யாருக்கும் தெரியாது."

தெரியாதுதான். தள்ளி வைத்து, புதிதாக உப்பு கலக்கிவிட்டால் முடிந்தது. வெள்ளிக்கிழமை அவள் போய்விடுவாள். திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் சரியாக நடக்கும். நான் ஓய்வு பெற ஒரு வருஷம் கூட இல்லை. இருபத்தாறு வருஷத்தில் என் மேல் ஒரு சொல் இல்லை. அந்த ஐந்து நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். நல்லதாக நினைக்கவில்லை.

"ட்ரம் அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

ஆறரைக்குக் கௌதமி வந்தாள். என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். பிறகு வழக்கம் போல மீட்டரை எடுத்து ட்ரம்மில் விட்டாள். பார்த்தாள். பைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்து ஏதோ எழுதினாள். அதை மடித்து வைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினாள்.

போய் நோட்டை வாங்கினேன். எட்டு. மீட்டரை நானே ட்ரம்மில் விட்டேன். மூன்று.

"இது இன்னா?"

அவள் மீட்டரை வாங்கித் துடைத்தாள்.

"கேக்கறேன்ல."

"ரெண்டாவது நாள் மீட்டர் கீழ விழுந்துடுச்சுக்கா. என் கையிலேர்ந்துதான். அதுக்கப்புறம் நம்பர் இறங்கிட்டே வந்துச்சு. நான்தான் ஒடைச்சிட்டேன்னு நினைச்சேன். மத்தவங்க ஒடைச்சா ஒடைஞ்சுதும்பாங்க. நாங்க ஒடைச்சா..." நிறுத்திவிட்டாள். "அதான் எட்டுன்னு எழுதினேன். நீங்கதானே கலக்குறீங்க. எட்டாதான் இருக்கும்னு நினைச்சேன்."

"அந்தச் சின்னத் தாளு?"

"காட்டுற நம்பரை எதுலயாவது எழுதி வைக்கணும்னு தோணுச்சு."

"காலைல வர்றது?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு மணி பஸ் கூட்டத்துல மேல கை வரும்க்கா. ஆறு மணி பஸ்ல சீட்டு வரும்."

எனக்கு அது தெரியாததா? நானும் அந்த பஸ்ஸில் போனவள்தான். மூன்று வாரம் அது என் மண்டையில் வரவில்லை. அவள் திருடி என்று முடிவு செய்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

ட்ரம் விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை பேரைச் சொல்லவில்லை, நான் சொன்னபடி ரொப்பப்பட்டது என்றேன். அவள் ட்ரம்மையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை.

"அப்போ மீட்டர் ஒடையலையாக்கா?"

"ஒடையலை."

"பத்து மணிக்கு மேடம் ரூமுக்குப் போறேன்" என்றேன். "என்னோடதைச் சொல்வேன். உன்னோடதை நான் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம்."

போனேன். சொன்னேன். நான் சொன்னதால்தான் ட்ரம் ரொப்பப்பட்டது, மீட்டர் வைக்காமல் கலக்கினேன், நேற்று நான் சொன்னது தப்பு. மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நேத்து அவ்வளவு உறுதியா சொன்னியே."

"ஆமாம் மேடம்."

"தண்ணி இறங்கினா மீட்டர் காட்டியிருக்கணுமே. நோட்டுல எட்டு இருக்கு. அது எப்படி?"

"அவளைக் கேளுங்க."

வாசலில் நிழல் தெரிந்தது. கௌதமி உள்ளே வந்தாள். மேஜை மேல் தாள்களை வைத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் தேதியும் கிழமையும் ராகு காலமும். பின்பக்கம் பென்சிலில் ஒரு நம்பர். வீட்டில் கிழிக்கும் தாளைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நோட்டுல இருக்கறது பொய் மேடம். இது மீட்டர் காட்டினது."

மேடம் எழுந்து நின்று தாள்களை மேஜையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். திங்கள் எட்டு. செவ்வாய் இறங்கியது. புதன் அப்படியே. வியாழன் இறங்கியது. வெள்ளி அப்படியே. சனி இறங்கியது. அடுத்த திங்கள் கொஞ்சம் ஏறி மறுபடி செவ்வாய் இறங்கியது. லாரி வரும் நாள் ஒவ்வொன்றும் அதில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூடப் புரியும்.

மேடம் லாரி வரும் நாள் தாள்களை மட்டும் தனியாக நகர்த்தினார்.

"இவ்வளவு சுத்தமா எடுத்து வச்சிருக்க. எதுக்கு நோட்டுல பொய் எழுதின?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"யார்கிட்ட?"

கௌதமி என்னைப் பார்க்கவில்லை. மேடத்தையும் பார்க்கவில்லை. அவள் பார்க்காததே பதில்.

கல்லூரிக்கு எழுதவில்லை. ஆனால் மன்னித்துவிட்டேன் என்றும் மேடம் சொல்லவில்லை. நான்கு வாரம் மிச்சம். நான் எப்போதும் உபரியாக நாற்று வைத்திருப்பேன். அந்தப் பேரப்பிள்ளை நெல்லும் அதில் இருந்தது. புதிதாக ஐம்பது தொட்டி வைத்தோம். தாங்காத நெல் நான்கு தொட்டி. ட்ரம்மின் எழுத்தை வெளிப் பக்கம் திருப்பினேன். மூடிக்குப் பூட்டு போட்டேன். சாவி இரண்டு. ஒன்று அவளிடம். கலக்கும்போது அவள் மீட்டர் வைப்பாள், நான் பார்ப்பேன். நான் கலக்கியதை அவள் சந்தேகப்பட வேண்டும், அவள் எழுதியதை நான் சந்தேகப்பட வேண்டும் என்று பேசிக்கொள்ளாமலே ஏற்பாடு ஆனது. சில நாள் எட்டு புள்ளி ஒன்று. சில நாள் ஏழு புள்ளி ஒன்பது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை தாங்காத நெல்லின் நுனி சுருண்டு வெளுத்திருந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து நான்கும் காய்ந்துவிட்டன. ஐம்பதில் சிலது போனது, சிலது நின்றது. கௌதமி செத்த செடியைக் கிள்ளி எடுத்து ஏழுமலையிடம் காட்டினாள்.

"செத்துடுச்சுண்ணா."

"அதுக்கு ஏம்மா சிரிக்கற? நல்லா கீற நீ."

கடைசி நாள் போட்டோ எடுத்தார்கள். நான் நிற்கவில்லை, எப்போதும் நிற்பதில்லை. எல்லோரும் போன பிறகு கௌதமி நெட் ஹவுஸுக்கு வந்தாள். கையில் கடிதம். இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது.

"இன்னா எழுதிகிறாங்க?"

அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நேரத்துக்கு வருவாள். கண் கூர்மை. செடியைக் கவனிப்பதில் பொறுமை உண்டு. அப்புறம் ஒரு வரியில் நின்றாள். அதையும் சொன்னாள். முதல் நான்கு வாரம் பதிவு நோட்டில் மீட்டர் காட்டாத அளவை எழுதினாள், பின்பு அதைத் தானாக வந்து ஒப்புக்கொண்டு சரியான அளவுகளைக் கொடுத்தாள்.

"அதையும் போட்டுட்டாங்கக்கா. இதைக் குடுத்தா சேத்துப்பாங்களா?"

தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கத்தை அந்தக் கோடையோடு விட்டுவிட்டேன். அவள் அந்தக் கடிதத்தைத்தான் கொடுத்தாள். நேர்முகத்தில் வேறு எதையும் விட அந்த வரியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வேறு ஊரில் ஏதோ பயிரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சந்தேகப்படுவதை விடச் சொல்லி இதை எழுதவில்லை. இந்த வேலைக்குச் சந்தேகம் வேண்டும். நான் முதலில் அவளைச் சந்தேகப்பட்டேன், பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை. முதலில் என் கை, பிறகு ட்ரம், பிறகு மீட்டர், கடைசியில் ஆள் என்று போயிருந்தால் அந்த இரண்டாவது திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன் கொடு என்று கடிதத்தை வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்குப் போய், ஜெராக்ஸ் போடும் தம்பியிடம் இதில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு வரி விடாமல் படி என்றேன். படித்தான். அவள் சொன்னதுதான். அந்த வரியும் இருந்தது, அவள் சொன்னபடியே இருந்தது.

திரும்பி வந்து இரண்டு தாளையும் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"படிக்கச் சொன்னீங்களாக்கா?"

"ஆமா."

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.